புங்க எண்ணெயில் எறும்பு

1

இன்று காலை எங்கள் தோட்டத்து லாரிக்குச் சமையல் எண்ணெய் ஊற்றினார்கள். ஊற்றியவர் என் வீட்டுக்காரர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் தோட்டத்துத் துரை. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றவள் நான்.

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இருந்து இதைப் பத்திரிகையில் படிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். லாரிக்கு எண்ணெயை ஊற்றித் தோசை வார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். இங்கே மலாயாவில், ஜொகூரில் நாங்கள் இருப்பது செம்பனைத் தோட்டம். ஈச்சங்குலை மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிய குலைகளை வெட்டி, வேகவைத்துப் பிழிந்தால் செக்கச்சிவந்த எண்ணெய் வருகிறது. சோப்புக்கும் சமையலுக்கும் அது கப்பலேறிப் போகிறது. டீசல் லாரி இதிலேயே ஓடும் என்று துரை எங்கோ படித்திருக்கிறார். சொந்த எண்ணெயில் சொந்த லாரியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது மற்ற டிரைவர்கள் எல்லாம் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்களாம். நம் ஆள்தான், எனக்குப் பழக்கம் உண்டு என்று முன்னால் போய் நின்றிருக்கிறார். அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

டாங்கியில் ஊற்றுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். விரலை எண்ணெயில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

பாரம் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டும். லாரி ஒழுங்காக ஓடினால் துரைக்குப் பெருமை. வழியில் நின்றால் பழி டிரைவர் தலையில்தான் விழும். வேலை போனால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து வரிசை வீடும் கூடவே போகும். நான் இந்த மண்ணில் இருப்பதே அவர் மனைவி என்ற ஒரே உரிமையில்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் இல்லாதவள் மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. அரிசி களைந்தால் பாதி கீழே போகிறது. அதனால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2

இந்தப் பழக்கம் எங்கே வந்தது என்று கேட்டால் கிருஷ்ணகிரிக்குத்தான் போக வேண்டும்.

நாங்கள் அப்போது பழையபேட்டையில் குடியிருந்தோம். அவர் ஒரு முதலாளியின் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாங்காய், புளி, நிலக்கடலை என்று அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றது எதுவோ அதை ஏற்றிக்கொண்டு, மேலுமலை ஏறி, சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். திடீரென்று டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கேயோ ஒரு கால்வாய் அடைபட்டுப்போனதால் கப்பல்கள் சுற்றிக்கொண்டு வருகின்றன என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கோ அடைபட்ட கால்வாய்க்கு எங்கள் வீட்டு அடுப்பு ஏன் அணைய வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. லாரி ஷெட்டில் நின்றது. அவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருக்கிற ஆணைச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெண்களுக்குத் தெரியும்.

அவர் பிறந்தது மலாயாவில். உலகச் சண்டை முடிந்த பிறகுதான், மீசை அரும்புகிற வயதில், ஊருக்கு வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இங்கே டீசல் இல்லாமல் செம்பனை எண்ணெயை ஊற்றி லாரி ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவர். அது ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமலே, புங்க எண்ணெய் கெடைக்குமா மாமாகிட்ட என்று கேட்டார்.

மாமா என்றால் என் அப்பா. சிங்காரப்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு மாட்டுச் செக்கு. எள் ஆட்டுவதில் அப்பாவுக்கு நல்ல பேர். ஊத்தங்கரையிலிருந்துகூட எள்ளைக் கொண்டுவந்து கொடுத்து ஆட்டிக்கொண்டு போவார்கள். புங்கங்கொட்டை அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும். அந்த எண்ணெய் விளக்குக்கும், சொறி சிரங்குக்கும், மாட்டுப் புண்ணுக்கும்தான். வாயில் வைத்தால் கசக்கும், நாற்றம் வேறு. அதை ஆட்டுகிற நாளில் அப்பா கொஞ்சம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் இருப்பார். தின்கிற எண்ணெய்தான் அவருக்கு எண்ணெய்.

மருமகன் போய் நின்று, லாரிக்கு ஊற்ற வேண்டும் மாமா என்று சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று பேசியதே குறைவு. அப்பா கூச்சக்காரர். இவரோ மலாயாக்காரர் என்று எங்கள் வீட்டில் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள்.

"வண்டி வயித்துக்குள்ள போறதாச்சே மாப்ள. அப்ப நல்லாத்தான் ஆட்டணும்," என்றார் அப்பா.

அந்த வார்த்தையை நாங்கள் யாரும் அப்போது கவனிக்கவில்லை.

முதலில் அப்பாவிடம் ஏற்கெனவே இருந்த எண்ணெயைத்தான் கொடுத்தார். இவர் அதை வெயிலில் வைத்துச் சுடவைத்து, வேட்டியில் வடிகட்டி, இருக்கிற டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். லாரி ஓடியது. பின்னால் வந்த புகையில் மாட்டு வைத்தியர் வீட்டு வாசனை. ரோட்டோரத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். ஓசூர் தாண்டி எல்லைச் சாவடியில், மைசூர்ப் பக்கத்திலிருந்து சாராயம் கடத்துகிறவர்களைப் பிடிக்க நிற்கும் போலீஸ்காரர், திரும்பி வரும்போது தகரடின்னைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத் தன் முழங்கைச் சொறியைக் காட்டிக் கொஞ்சம் ஊற்றித் தரச் சொன்னாராம். அதற்கப்புறம் அந்தச் சாவடியில் எங்கள் லாரிக்குத் தனி மரியாதை.

முதலாளிக்கும் சந்தோஷம். ஷெட்டில் நின்ற மற்ற லாரிகளையும் இதே மாதிரி ஓட்டலாம் என்று பேச ஆரம்பித்தார். அடுத்த எண்ணெய்க்கு அப்பாவிடம் சொல்லிவிட்டோம்.

3

மத்தியானம் ஆகிவிட்டது. இந்நேரம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

வண்டி நிற்பது மட்டும் என் கவலை இல்லை. சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று இங்கே கெடுபிடி. தோட்டத்து கேட்டை விட்டு வெளியே போகும்போது ஒரு பிடி சோறு கையில் இருக்கக் கூடாது. அடுத்த தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகிறார்கள். பாரமாக ஏற்றுகிற எண்ணெய்க்கு, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் வண்டி குடிப்பதற்காகத் தனியாக ஒரு டின் எண்ணெய் வைத்திருக்கிறாரே, அதற்குச் சீட்டு கிடையாது. அது எரிபொருளா, சாப்பாட்டுச் சாமானா? இதைக் காலையிலேயே நான் கிராணியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உங்களுக்கு எப்போதும் இல்லாத கவலைதான் அம்மா என்றார். இல்லாத கவலை எது, இருக்கிற கவலை எது என்று பிரித்துக் காட்ட யாராவது வந்தால் நானும் கற்றுக்கொள்வேன்.

வந்த புதிதில் எனக்கும் அந்த கேட்டில் ஒரு கூத்து நடந்தது. மலாய் பாஷையில் நான் முதலில் கற்றுக்கொண்டது 'அடா' என்ற சொல். இருக்கிறது என்று அர்த்தம். காவல்காரர் என் கூடையைக் காட்டிச் சோறு இருக்கிறதா என்று கேட்டார். தெரிந்த சொல் அது ஒன்றுதான் என்பதால், வாய் நிறைய அதையே சொல்லிவைத்தேன். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தது குழந்தையின் துணிதான். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து அந்தக் காவல்காரரே துணியை மடித்துக் கொடுத்தார்.

என் மகளுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. பழையபேட்டையில் பிறந்தவள், பேச்சு வருவதற்குள் கப்பலேறிவிட்டாள். இப்போது வெளியே மலாய்ப் பிள்ளைகளோடு ஆடிவிட்டு வந்து தண்ணீரை ஆயர் என்றும் எண்ணெயை மின்யாக் என்றும் கேட்கிறாள். நான் தமிழில் சொல்லச் சொன்னால், அதுதான் சொன்னேனே என்பது மாதிரி பார்க்கிறாள். தாத்தாவைப் பற்றிச் சொன்னால், அவர் எந்த லயத்தில் இருக்கிறார் என்று கேட்கிறாள். திட்டவும் மனம் வரவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

4

மேலுமலையில் நடந்ததை இனியும் தள்ளிப்போட முடியாது.

அது மாங்காய்ப் பருவத்தின் நடுவில். அப்பா புதிதாக ஆட்டி அனுப்பிய எண்ணெயை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஊற்றினார்கள். பார்வைக்குப் பழைய எண்ணெயைவிடத் தெளிவாக இருந்தது. லாரி நிறைய மாங்காய். ஏற்றத்தில் பாதி ஏறியதும் என்ஜின் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது. அந்த லாரியில் என்ஜின் நின்றால் பிரேக்கும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. கீழே ஒரு பாரவண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. கிளீனர் குதித்துக் கல்லை எடுத்து வைத்தார். சக்கரம் அந்தக் கல்லையும் தாண்டிக்கொண்டு போயிற்று. இவர் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்பக்கத்தை மலைச் சரிவில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாங்காய் எல்லாம் ரோட்டில் உருண்டது. நின்ற பிறகு இவர் செய்த முதல் வேலை, ரோட்டு நடுவில் கிடந்த கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டதுதானாம். ஏற்றத்தில் சக்கரத்துக்கு வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவனை எங்கள் பக்கத்து டிரைவர்கள் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

இதெல்லாம் பின்னால் கிளீனர் வந்து சொன்னது. அவர் வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. இவர் வர வேண்டிய நேரம் போய்விட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். இன்றைக்கு நடப்பது மாதிரியேதான்.

லாரியை இழுத்துவந்து ஷெட்டில் போட்டுவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒன்று. டீசலை வடிகட்டுவதற்கு என்ஜினில் இருக்கும் துணிப் பை அது. அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பையில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று என்னமோ அப்பியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துவைக்கலாம் என்று போனேன். பை முழுக்க எறும்பு.

செக்குக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். புங்க எண்ணெய் இருக்கிற இடத்தில் எறும்பு அண்டாது. பூச்சி வராமல் இருக்கத்தான் புங்கம் பிண்ணாக்கை வயலில் போடுகிறோம். அப்படியிருக்க எறும்பு ஏன் வந்தது? விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்புக்கு அடியில் தித்திப்பு. வெல்லத்தின் தித்திப்பு.

எள் ஆட்டும்போது செக்கில் வெல்லம் போடுவார்கள். போட்டால்தான் பிண்ணாக்கு ஒன்றாகச் சேர்ந்து எண்ணெய் தனியாகப் பிரியும், ருசியும் கூடும். அப்பா எள்ளுக்கென்று தனியாக நல்ல வெல்லம் வாங்கிவைத்திருப்பார். புங்கங்கொட்டைக்கு ஒருவரும் வெல்லம் போடமாட்டார்கள். அதன் எண்ணெயைத் தின்னப் போகிறவர்கள் யார்? ஆனால் இது வண்டி வயிற்றுக்குள் போகிற எண்ணெய். மாப்பிள்ளை வண்டி வேறு. அப்பா கை நிறைய வெல்லம் அள்ளிப் போட்டு, தண்ணீரும் தெளித்து ஆட்டியிருக்கிறார். பாகாகக் கரைந்த வெல்லம் வேட்டித் துணியைத் தாண்டி எண்ணெயோடு போய்விட்டது. போன இடத்தில் அடைத்துக்கொண்டது.

குளித்துவிட்டு வந்தவர் என் விரலையும் முகத்தையும் பார்த்தார். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. ஷெட்டிலேயே நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"மாமாகிட்ட சொல்லாதம்மே. ஆசையா செஞ்சிக்கிறாரு. தெரிஞ்சா செக்குல மாடு பூட்டமாட்டாரு," என்றார்.

முதலாளியிடம், எண்ணெயை நான்தான் சரியாக வடிகட்டவில்லை என்று சொல்லிவிட்டார். அதோடு அந்த வேலை போயிற்று. மலை ஏற்றத்தில் வண்டியைக் கோட்டைவிட்டவன் என்று பேர் பரவியது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும், அங்கிருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டோம். ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. இந்தப் பேச்சு எதுவும் எட்டாத சிங்காரப்பேட்டையிலிருந்து அப்பா ஒரு நாள் வந்து, எண்ணெய் எப்படி இருந்தது மாப்ள என்று கேட்டார். பிரமாதம் மாமா என்றார் இவர். அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். 

கடைசியில், பிறந்த நாட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தார். பிறந்த அத்தாட்சி இருந்ததால் அவரை உள்ளே விட்டார்கள். என் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாத அதிகாரி ஒருவர் என்னையும் குழந்தையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அப்பா வழியனுப்ப வரவில்லை. என் எண்ணெயில் லாரி பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்ததே, வேலையை விட்டுவிட்டு என் மகளைக் கடல் தாண்டிக் கூட்டிப்போக இவனுக்கு என்ன வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மருமகன் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்லிவைத்திருக்கிறார். என் பெயரும் அதோடு சேர்த்திதான்.

5

கேட் மூடுவதற்கான மணி அடித்துவிட்டார்கள். லாரி வரவில்லை.

மற்ற டிரைவர்கள் எல்லாம் வந்தாகிவிட்டது. வழியில் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர் பார்க்கவில்லை என்றார். இன்னொருவர், ரோட்டுச் சோதனைச் சாவடியில் ஏதோ ஒரு லாரியை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள், யாருடையது என்று கவனிக்கவில்லை என்றார். இதற்கு அவரும் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். துரை பங்களா வராந்தாவில் நின்றுகொண்டு ரோட்டையே பார்த்தார். அவருடைய கவலை எண்ணெயைப் பற்றி. குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்துப் பசிக்கிறது என்று எந்த பாஷையிலோ சொன்னாள். எனக்கு மேலுமலை ஏற்றமும் உருண்ட மாங்காயும்தான் கண்ணில் நின்றன. எங்கேயாவது ஒரு கல்லாவது சக்கரத்துக்குக் கிடைக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் வந்தது வாசனை. யாரோ பணியாரம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் செம்பனை வரிசைக்கு அப்பால் விளக்கு தெரிந்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பயந்தபடியே சாவடியில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். டின்னில் இருப்பது சமையல் எண்ணெய், இதை யாருக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். லாரிக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மேலதிகாரி வரும்வரை உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் வந்ததும் இவர் டின்னைத் தூக்கி, எல்லோர் கண் முன்னாலும் டாங்கியில் கவிழ்த்து, வண்டியைக் கிளப்பிக் காட்டினாராம். அந்த அதிகாரி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. லாரியின் பின்னால் போய்ப் புகையை மோந்து பார்த்துவிட்டு, எனக்குப் பசிக்கிறது, நீ போ என்றாராம். துரை இவர் தோளில் தட்டி, நாளைக்கும் நீயே எடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாடு ஆனதும் இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெல்லம் வருகிற இடத்தில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேண்டாமென்றால் அந்த இடத்தை அடித்துவிடுகிறேன் என்றேன்.

"மாமாவுக்கு யாராச்சும் படிச்சிக் காட்டுவாங்க இல்ல?" என்று கேட்டார்.

காட்டுவார்கள், சிங்காரப்பேட்டையில் இந்தப் பத்திரிகை வருகிறது என்றேன். அப்பா மனசு உடைந்துபோவாரே என்றும் சொன்னேன். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும்னு விட்டன். உம்மேலயும் இக்குதே, அது எதுக்கு? அடிக்காத, அப்படியே இருக்கட்டும்," என்றார். கொஞ்சம் கழித்து, "வெல்லம் நல்ல வெல்லம்மே. அதையும் எழுது," என்றார்.

எழுதிவிட்டேன், அப்பா.